ஒட்டு உள்ளே விட்டுப்போனதா? அல்ட்ராசோனிக் அலை அனுப்பிப் பார்க்கலாம்

பாம்பன், மண்டபம் கரையில் ஏற்றி வைத்திருக்கும் ஃபைபர் படகுகளில் பல பாகங்கள் ரெசினால் ஒட்டியவை. ஒட்டு உள்ளே விட்டுப்போனால் வெளியே தெரியாது. தட்டிப் பார்ப்பது ஒரு வழி. காதுக்குக் கேட்காத அல்ட்ராசோனிக் அலையைத் தகட்டுக்குள்ளேயே ஓடவிட்டு, மறுபக்கம் பிடித்துப் பார்ப்பது இன்னொன்று. இந்த அலைக்கு ஹோரஸ் லாம்ப் 1917-இல் கணக்குப் போட்டார், அதனால் லாம்ப் அலை என்று பெயர்.

எடுத்ததும் படகில் கை வைக்காதீர்கள். ஃபைபரில் அலை சீக்கிரம் தேய்ந்துவிடும். பழகுவதற்கு அலுமினியம்தான் நல்லது.

முதலில் 2 மி.மீ. தடிமனில் 30 செ.மீ. நீளத் தகடுகள் நான்கு எடுங்கள். ஒட்டும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, உடனே ஒட்டுங்கள். தாமதித்தால் கடற்காற்றின் உப்பு படிந்துவிடும். ரெசினும் கடினமாக்கியும் தனித்தனி டப்பாவில் வரும் எபாக்சிப் பசை போதும், ஒரு தகட்டின் மேல் இன்னொன்று 2.5 செ.மீ. படியட்டும். ஒரு ஜோடி முழு ஒட்டு. இன்னொன்றில் பாதி இடத்துக்கு டெஃப்லான் டேப் வையுங்கள், அதுதான் நாமே செய்த பழுது.

அப்புறம் ஒட்டிலிருந்து இருபுறமும் 10 செ.மீ. தள்ளி ஒவ்வொரு பீசோ வில்லை (மின்சாரம் கொடுத்தால் அதிரும், அதிர்ந்தால் மின்சாரம் தரும்) ஒட்டுங்கள். இரு மின்முனையும் ஒரே முகத்தில் வரும் வில்லை என்றால் சாலிடர் வேலை சுலபம். ஒன்றுக்கு 200 கிலோஹெர்ட்ஸில் ஐந்து சுற்று கொண்ட துடிப்பு கொடுங்கள், மற்றதை ஆசிலோஸ்கோப்பில் (மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் கருவி) பாருங்கள். இந்தத் தடிமனில் இரண்டு வகை அலைதான் வரும். தகட்டை நீட்டிச் சுருக்கி ஓடும் எஸ்-0 சுமார் 42 மைக்ரோ செகண்டில் முதலில் வரும். பின்னால் மெதுவாக வருவது, தகட்டை வளைத்து ஓடும் ஏ-0. அதன் அலைநீளம் குறைவு.

டேப் வைத்த ஜோடியில் அலையின் உயரமும் வடிவமும் மாறியிருக்கும். மாற்றத்தை எண்ணாக்க, நல்ல நிலையில் பதிந்த அலைக்கும் இப்போதைய அலைக்கும் ஒட்டுறவுக் கெழுவை (இரண்டும் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று காட்டும் எண், அச்சாக ஒத்திருந்தால் 1) எடுத்து 1-இலிருந்து கழியுங்கள். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தால் அலை மாறவில்லை.

இங்கேதான் வெயில் ஏமாற்றும். சூடு ஏறினால் அலை மெதுவாகும், எபாக்சி இளகும். ஒட்டு நன்றாக இருந்தாலும் எண் ஏறும். ராமநாதபுரத்தில் விடிகாலைப் பதிவை மத்தியானத்தோடு ஒப்பிட்டால் எல்லாமே பழுதாகத்தான் தெரியும். ஆகவே தகட்டில் ஒரு வெப்பமானி ஒட்டி, காலை முதல் மாலை வரை பல வெப்பநிலைகளில் அடிப்படை அலைகளை, அதாவது ஒப்பிடுவதற்கான நல்ல நிலை அலைகளை, பதிந்து வையுங்கள். சோதிக்கும்போது வெப்பநிலை நெருங்கிய பதிவோடு மட்டும் ஒப்பிடுங்கள். விலை உயர்ந்த கருவியைவிட இதுதான் முக்கியம் என்பேன்.

ஈரமும் அப்படித்தான். தகட்டைத் தொடும் தண்ணீர் ஏ-0 அலையின் ஆற்றலை உறிஞ்சிவிடும். கடல்நீரில் ஊறவைத்துச் சோதிப்பதாக இருந்தால், வெளியே எடுத்துத் துடைத்த பிறகே பதியுங்கள். பின்னாளில் படகுக்குப் போகும்போதும் மணலில் நிற்கையில் ஒன்று, நீரில் மிதக்கையில் ஒன்று என அடிப்படைப் பதிவு தனித்தனியாக வேண்டும்.

சரி, எண் குறைவாக இருந்தால் ஒட்டு பலமானது என்று அர்த்தமா? இல்லை. பரப்புகள் தொட்டுக்கொண்டு, பிடிமானம் மட்டும் இல்லாமல் இருந்தால் அலை பெரும்பாலும் கடந்து போய்விடும். பலம் தெரிய வேண்டுமென்றால் அதே முறையில் ஒட்டிய ஒரு துண்டை இழுத்து உடைத்துப் பார்க்க வேண்டியதுதான்.