ஆபீஸ் சாவிகள்: எதற்கு நகல் வேண்டும், எதற்குக் கூடாது

பெங்களூரில் பத்துப் பதினைந்து பேர் வேலை பார்க்கும் கம்பெனியில், மெயிலைப் பூட்டவும் கையெழுத்துப் போடவும் உதவும் டிஜிட்டல் சாவிகளின் நிர்வாகம் உங்கள் தலையில் விழுந்திருக்கிறதா? முதலில் இரண்டைப் பிரித்துக்கொள்ளுங்கள். என்கிரிப்ஷன் (பூட்டும்) சாவி தொலைந்தால் அதைக்கொண்டு பூட்டிய மெயில், பேக்கப் எல்லாம் போச்சு. கையொப்பச் சாவி தொலைந்தால் புதிதாக ஒன்று போட்டுக்கொள்ளலாம். ஆனால் அதற்கு நகல் இருந்தால், நகல் வைத்திருப்பவரும் சாவிக்குச் சொந்தக்காரர் பெயரில் கையெழுத்துப் போடலாம். ஆகவே முன்னதற்கு நகல் கட்டாயம், பின்னதற்கு நகலே கூடாது. (டைரக்டரின் டிஎஸ்சி (டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழ்) டோக்கன் மேல் பின் நம்பரை ஒட்டி டிராயரில் போட்டு வைக்கிற ஆபீஸ்களுக்கு: தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 42-ஆம் பிரிவைப் படியுங்கள்.)

தேவையானவை: ஜிபிஜி (சாவிகளை உருவாக்கும் மென்பொருள்), நெட் இல்லாத லேப்டாப், ஆளுக்கொரு யூபிகீ 5 (சாவியைத் தனக்குள் வைத்திருக்கும் யூஎஸ்பி கருவி; கீழே 'கார்டு' என்பது இதுதான்), இரண்டு பென்டிரைவ். யூபிகீயின் ஃபர்ம்வேர் (உள்ளிருக்கும் மென்பொருள்) 5.2.3-க்குக் கீழே இருந்தால் 25519 என்ற வகைச் சாவி அதில் ஏறாது.

1. லேப்டாப்பில் ஜிபிஜியின் எக்ஸ்பர்ட் முறையில் மாஸ்டர் சாவி உருவாக்குங்கள்; துணைச்சாவிகளுக்குச் சான்றளிக்கும் திறன் மட்டும் அதற்குப் போதும். அதன்கீழ் ஒரு வருடக் காலாவதியுடன் என்கிரிப்ஷன் துணைச்சாவி. காலாவதியானாலும் பழைய மெயிலை அது திறக்கும்.

2. உடனே ரகசியச் சாவியை எக்ஸ்போர்ட் செய்து இரண்டு பென்டிரைவிலும் போடுங்கள். ஜிபிஜி தானாகவே உருவாக்கும் ரத்துச் சான்றையும் (சாவி இனிச் செல்லாது என்று அறிவிக்கும் கோப்பு) சேர்த்துத்தான். இந்தப் படியைத் தள்ளிப்போட்டால் வினை. துணைச்சாவியைக் கார்டுக்கு மாற்றி 'சேவ்' கொடுத்ததும், லேப்டாப்பில் சாவி இருக்காது. 'கார்டில் இருக்கிறது' என்ற குறிப்பு மட்டும் மிஞ்சும். அதற்கப்புறம் எக்ஸ்போர்ட் செய்தாலும் ஒரு கோப்பு வரத்தான் செய்யும், உள்ளே சாவி இருக்காது. ஜிபிஜியின் ரகசியச் சாவிப் பட்டியலில் துணைச்சாவி வரியில் > குறி தெரிந்தால் இதுதான் நிலைமை.

3. கார்டின் பின் 123456, அட்மின் பின் 12345678 என்றுதான் வரும். இரண்டையும் மாற்றுங்கள். அட்மின் பின்னை மூன்று முறை தப்பாக அடித்தால் கார்டை ரீசெட் செய்வதைத் தவிர வழியில்லை.

4. என்கிரிப்ஷன் துணைச்சாவியைக் கார்டுக்கு மாற்றுங்கள். கையொப்பச் சாவியைக் கார்டுக்குள்ளேயே உருவாக்குங்கள். அப்போது அதற்கு நகல் எங்குமே இருக்காது. சாவி வகையை முன்கூட்டியே கார்டில் அமைத்துவிடுங்கள்.

5. பொதுச்சாவியை (மற்றவர்களுக்குக் கொடுக்கும் பாதி) எக்ஸ்போர்ட் செய்துவிட்டு, லேப்டாப்பிலிருந்து மாஸ்டர் சாவியை நீக்குங்கள். பட்டியலில் மாஸ்டர் வரியில் # வந்தால் சரி.

6. ஒரு பென்டிரைவ் கோரமங்களா ஆபீஸ் பீரோவில் என்றால், மற்றது வேறு இடத்து பேங்க் லாக்கரில். ஒயிட்ஃபீல்டில் வைக்காதீர்கள், அவசரத்துக்கு டிராஃபிக்கைத் தாண்டிப் போய் எடுத்து வர மதியமாகிவிடும். சாவியின் பாஸ்ஃப்ரேஸ் (நீளமான கடவுச்சொல்) இரண்டு பென்டிரைவுக்கும் பக்கத்தில் இருக்கக் கூடாது. வேறொரு லேப்டாப்பில் பென்டிரைவை மட்டும் வைத்து, ஒரு பழைய மெயிலைத் திறந்து பாருங்கள். திறக்காத பேக்கப், பேக்கப்பே இல்லை. நகல் கம்பெனியிடம் இருப்பதை ஊழியரிடம் முன்பே சொல்லிவிடுவதுதான் முறை.

7. ஒருவர் வேலையை விட்டால் ரத்துச் சான்றை இம்போர்ட் செய்து பொதுச்சாவியை மறுபடி வெளியிடுங்கள். கை தவறிப் பயன்படுத்திவிடக் கூடாதென்று அந்த ரத்துச் சான்றுக் கோப்பில் முதலில் வரும் சிறு கோடுகளுக்கு (-----) முன்னால் ஒரு முக்காற்புள்ளி (:) வைத்திருப்பார்கள். அதை அழித்தால்தான் இம்போர்ட் ஆகும். என்கிரிப்ஷன் நகலை அழிக்காதீர்கள், அவருக்கு வந்த பழைய மெயில்கள் அதில்தான் திறக்கும். யூபிகீயை வாங்கி ரீசெட் செய்தால் கையொப்பச் சாவி அதோடு போய்விடும்.