எத்தனை கோர் வேண்டும்?
காரைக்குடியில் கணக்கு எழுதும் என் சித்தப்பா கணினிக்கு '16 கோர்' புராசஸர் வாங்கக் கிளம்பினார். புராசஸர் கணினியின் மூளை; அதற்குள் தனித்தனியாக வேலை செய்யும் ஒவ்வொரு பகுதியும் ஒரு கோர். தடுத்துவிட்டேன். கல்யாண வீட்டில் பத்து அடுப்பு மூட்டினாலும், கந்தரப்பம் சுடுகிறவர் ஒருவர்தான் என்றால் ஒன்பது அடுப்பு சும்மா எரியும். கணக்குக்கும் இணையத்துக்கும் 4 கோர் தாராளம். மிச்சப் பணத்தை ரேமிலும் (தற்காலிக நினைவகம்) எஸ்எஸ்டியிலும் (வேகமான சேமிப்பகம்) போடுங்கள். வித்தியாசம் அன்றைக்கே தெரியும்.

கானாடுகாத்தான் கல்யாண வீடியோக்களைத் தொகுப்பவருக்கு 6 அல்லது 8 வேண்டும். ஆத்தங்குடி ஓடு பதித்த முற்றத்தை முப்பரிமாணத்தில் ரெண்டர் செய்பவருக்கு அதற்கு மேலும் பயன்படும்.

கடைக்காரர் சொல்லும் எண்ணைக் கொஞ்சம் கிளறிப் பாருங்கள். சித்தப்பாவுக்குக் காட்டியது இன்டெல் கோர் ஐ5-13400. அதில் 16 என்பது த்ரெட் கணக்கு, அதாவது ஒரே நேரத்தில் கையாளும் வேலைச் சரடுகள்; கோர் 10தான். அதிலும் 6 வேகமானவை, 4 மின்சாரம் மிச்சம் பிடிக்கும் சிறியவை.

வாங்குமுன் பழைய விண்டோஸ் கணினியில் உங்கள் வேலையை ஓடவிட்டு, கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியு வரைபடத்தை வலது கிளிக் செய்து, லாஜிக்கல் புராசஸர்களாகப் (ஒரு த்ரெட்டுக்கு ஒரு கட்டம்) பிரித்துப் பாருங்கள். எல்லாக் கட்டங்களும் உச்சியில் நின்றால் கூடுதல் கோர் வாங்கலாம். ஒன்றிரண்டு மட்டும் துள்ளினால், கோர் குறைவாக இருந்தாலும் ஒவ்வொன்றும் வேகமாக ஓடும் புராசஸரே போதும்.