வங்குரோத்துக்குப் பிறகு கனடாவில் வீடு வாங்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

வங்குரோத்து அடித்தவருக்கு இந்த நாட்டில் இனி வீடு கிடையாது என்று ஒரு பகுதி ஆட்கள் சொல்வார்கள். ஆறு வருடம் பேசாமல் இருந்தால் எல்லாம் தானாக அழிந்துவிடும் என்று இன்னொரு பகுதி சொல்லும். இரண்டுமே பிழை. மோட்கேஜ் (வீட்டுக் கடன்) கொடுப்பவர் முதலில் தேடுவது உங்களுக்கு டிஸ்சார்ஜ், அதாவது பழைய கடன்களிலிருந்து சட்டப்படி விடுதலை, கிடைத்த தேதியை. அடுத்தது, அந்தத் தேதிக்குப் பிறகு நீங்கள் என்ன கடன் எடுத்தீர்கள், அதை எப்படிக் கட்டினீர்கள் என்பது. ஒன்ராரியோவை மனதில் வைத்து எழுதுகிறேன், மற்ற மாகாணங்களிலும் பெரும்பாலும் இதே கதைதான்.

நிறையப் பேர் முதலில் சறுக்குவது இந்தத் தேதியில்தான். வங்குரோத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து வருடத்தை எண்ணிக்கொண்டிருப்பார்கள். முதல் தடவை வங்குரோத்து என்றால், உபரி வருமானம் (அரசாங்கம் வைத்த அளவுக்கு மேல் வரும் வருமானம்) இல்லாதவருக்கு 9 மாதத்தில் டிஸ்சார்ஜ், இருந்தால் 21 மாதம். இரண்டாவது தடவை என்றால் 24 அல்லது 36 மாதம். ஆனால் இதெல்லாம் உங்கள் பக்கத்து வேலையை முடித்திருந்தால்தான். மாதாமாதம் வருமானக் கணக்குக் கொடுக்க வேண்டும், இரண்டு ஆலோசனை அமர்வுகளுக்குப் போக வேண்டும். இரண்டாவது அமர்வைத் தவறவிட்டு, இடையில் வீடும் மாறி, வங்குரோத்தை நடத்தும் ட்ரஸ்டி போட்ட கடிதமும் கைக்கு வராமல், "ஒன்பது மாதம் முடிந்தது தானே" என்று இருந்துவிட்டு, நான்கு வருடம் கழித்து மோட்கேஜ் முகவர் டிஸ்சார்ஜ் சான்றிதழைக் கேட்கும்போதுதான் அப்படி ஒன்று வரவேயில்லை என்று தெரியவரும். சட்டப்படி அவர் இன்னும் வங்குரோத்தில்தான் இருக்கிறார். டிஸ்சார்ஜ் ஆகாதவர் அதைச் சொல்லாமல் 1,000 டொலரோ அதற்கு மேலோ கடன் வாங்கினால் குற்றம் என்பது வேறு. ஆகவே வேறு எதைச் செய்வதற்கு முன்னாலும் அந்தச் சான்றிதழையும், எந்தெந்தக் கடன்கள் உள்ளே போயின என்ற பட்டியலையும் தேடி எடுத்து வையுங்கள். தொலைந்திருந்தால் ட்ரஸ்டியிடம் கேளுங்கள்.

அப்புறம், சும்மா இருப்பது. முதல் வங்குரோத்து டிஸ்சார்ஜ் ஆன நாளிலிருந்து 6 வருடம் ஈக்குவிபக்ஸ் கடன் அறிக்கையில் நிற்கும், அறிக்கை வைத்திருக்கும் மற்ற நிறுவனமான ட்ரான்ஸ்யூனியனில் ஒன்ராரியோக்காரருக்கு 7 வருடம். இரண்டாவது தடவை அடித்தவருக்கு 14 வருடம். வங்குரோத்துக்குப் பதிலாகக் கடனில் ஒரு பகுதியைக் கட்டுகிறேன் என்று கன்சியூமர் புரொப்போசல் போட்டவருக்குக் கொஞ்சம் இளக்கம், கட்டி முடித்து 3 வருடம் அல்லது போட்டதிலிருந்து 6 வருடம், எது முதலில் வருகிறதோ அது. சரி, அதுவரை கடனட்டையே வேண்டாம், எல்லாம் காசாகவே கொடுப்போம் என்று இருந்தால் என்ன ஆகும்? பழைய கறை போகும், கூடவே அறிக்கையில் ஒன்றுமே இல்லாமலும் போகும். வெறும் அறிக்கையை வைத்து யாரும் ஆறு லட்சம் டொலர் கொடுக்கமாட்டார்கள்.

மோட்கேஜ் கொடுப்பவர்கள் வழக்கமாக எதிர்பார்ப்பது இதுதான்: டிஸ்சார்ஜ் ஆகி இரண்டு வருடம், இரண்டு கடன் கணக்குகள், ஒவ்வொன்றிலும் 2,000 டொலருக்குக் குறையாத கடன் எல்லை, ஒரு தவணைகூடப் பிந்தியிருக்கக் கூடாது. முற்பணம் 20 சதவீதத்துக்குக் குறைவு என்றால் சிஎம்எச்சி, சேஜன், கனடா கேரன்டி என்ற மூன்றில் ஒரு மோட்கேஜ் காப்புறுதி நிறுவனமும் சம்மதிக்க வேண்டும். சிஎம்எச்சி விண்ணப்பிப்பவர்களில் ஒருவருக்காவது 600 கடன் ஸ்கோர் இருக்க வேண்டும் என்கிறது. 600 வந்துவிட்டது என்று துள்ளாதீர்கள், பல வங்கிகள் அதற்கு மேல்தான் பேசவே தொடங்கும்.

திரும்பத் தொடங்குவதற்கு எளிய வழி, வைப்புப் பணம் கட்டி எடுக்கும் செக்யூர்ட் கடனட்டை. 500 டொலர் கட்டினால் பொதுவாக 500 டொலர் எல்லை, கையில் காசு வரவர அதைக் கூட்டிக்கொண்டு போகலாம். இங்கே இரண்டு பிழைகள். ஒன்று, கடையில் தொங்கும் ப்ரீபெய்ட் அட்டையை வாங்கிவிட்டு அதுவும் கடனட்டைதான் என்று நினைப்பது. அது கடனே இல்லை, ஸ்கோருக்கு ஒரு பிரயோசனமும் கிடையாது. எந்த அட்டை எடுத்தாலும் ஈக்குவிபக்ஸ், ட்ரான்ஸ்யூனியன் இரண்டுக்கும் தகவல் அனுப்புவார்களா என்று கேட்டுவிட்டு எடுங்கள். மற்றது கொஞ்சம் நுணுக்கம். எல்லை 1,000 டொலர், மரக்கறிக் கடைக்கும் பெற்றோலுக்கும் 850 டொலர் போய்விட்டது, 12ஆம் தேதி ஸ்டேட்மென்ட் வருகிறது, கடைசி நாளான அடுத்த மாதம் 3ஆம் தேதிக்குள் முழுவதையும் கட்டிவிடுகிறீர்கள். வட்டி ஒரு சதம் இல்லை, நல்ல பிள்ளை. ஆனால் அறிக்கைக்குப் போவது வழக்கமாக ஸ்டேட்மென்டில் இருந்த 850தான், 85 சதவீதம் பாவித்தவர் என்று. ஸ்டேட்மென்ட் வருவதற்கு இரண்டு நாள் முன்பே 600 டொலரைக் கட்டிவிட்டால் 250 என்று போகும். எல்லையில் 30 சதவீதத்துக்குக் கீழே வைத்திருப்பது பாதுகாப்பு.

ஸ்கோர் ஏற்ற வேண்டும் என்று கார் எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கவலை வரும். "வங்குரோத்தா? பரவாயில்லை, வாங்க" என்று கூப்பிடும் கார் கடைகள் நிறைய இருக்கின்றன, வட்டியைக் கேட்டால்தான் தெரியும். கணக்கைப் பாருங்கள். வருடம் 90,000 டொலர் வருமானம் என்றால் மாதம் 7,500. சிஎம்எச்சி கணக்கில் வீட்டுச் செலவு வருமானத்தில் 39 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, அதாவது 2,925. வீடும் மற்றக் கடன்களும் சேர்ந்து 44 சதவீதம், அதாவது 3,300. காருக்கு மாதம் 700 கட்டினால் வீட்டுக்கு மிஞ்சுவது 2,600. 325 டொலர் போய்விட்டது. வங்கி உங்களைச் சோதிப்பது கிடைக்கும் வட்டியோடு 2 சதவீதம் கூட்டி, அல்லது 5.25 சதவீதம், எது கூடவோ அதில். 6.5 சதவீதம், 25 வருடம் என்று வைத்தால், அந்த 325 டொலர் சுமார் 48,000 டொலர் மோட்கேஜுக்குச் சமம். கார் வேண்டும்தான், பஸ்ஸில் போங்கள் என்று சொல்லவில்லை. சின்னக் காராகப் பாருங்கள்.

அறிக்கையை எடுத்துப் பார்க்காமலே முகவரிடம் போவதும் நடக்கிறது. ஈக்குவிபக்ஸ், ட்ரான்ஸ்யூனியன் இரண்டும் இலவசமாகத் தருகின்றன, நீங்களே பார்ப்பதால் ஸ்கோர் இறங்காது. வங்குரோத்தில் போன கடன் ஒவ்வொன்றுக்கும் பாக்கி பூச்சியம் என்று இருக்க வேண்டும். எங்கேயோ ஒரு பழைய கடனட்டை இன்னும் 6,400 டொலர் பாக்கி, கலெக்‌ஷனில் என்று கிடக்கும். டிஸ்சார்ஜ் சான்றிதழை இணைத்து எழுதினால் திருத்துவார்கள், செலவில்லை. அதே நேரம் டிஸ்சார்ஜுக்குப் பிறகு வந்த சின்னப் பாக்கிகளையும் பாருங்கள். கம்பெனி மாறும்போது கட்டாமல் விட்ட 90 டொலர் போன் பில், பெரிய கடனைவிடக் கெடுதல் செய்யும், ஏனென்றால் அது "திருந்தவில்லை" என்று காட்டுகிறது. கட்டணச் சாலையான 407 நெடுஞ்சாலையின் பில்லும் அப்படித்தான். வங்குரோத்தில் கழிந்துபோன பழைய 407 பாக்கிக்காக வாகனத் தகடு புதுப்பிப்பதை மறிக்க முடியாது என்று 2015இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, ஆனால் வங்குரோத்துக்குப் பிறகு ஓடிய ஓட்டத்துக்கு நீங்கள்தான் கட்ட வேண்டும்.

வங்குரோத்தையே அறிக்கையிலிருந்து அழித்துத் தருகிறோம், முதலில் 1,500 டொலர் கட்டுங்கள் என்று வருபவர்களைத் திருப்பி அனுப்புங்கள். உண்மையாக நடந்ததை யாராலும் அழிக்க முடியாது. ஒன்ராரியோவில் அறிக்கை உண்மையிலேயே திருந்துவதற்கு முன் காசு வாங்குவதே சட்டத்துக்கு எதிரானது.

இனிச் சீட்டு. எங்கள் ஆட்களுக்கே உரிய சிக்கல் இது, வேறு எந்தக் கையேட்டிலும் இதைச் சொல்லமாட்டார்கள். 700,000 டொலர் வீட்டுக்குக் குறைந்த முற்பணம் 45,000, அதாவது முதல் 500,000க்கு 5 சதவீதம், மிச்சத்துக்கு 10. அதில் முப்பதாயிரத்தைச் சீட்டில் எடுத்து வங்கியில் போட்டுவிட்டு விண்ணப்பிக்கிறார்கள். மோட்கேஜ் கொடுப்பவர் 90 நாள் வங்கிக் கணக்கைக் கேட்பார், திடீரென்று விழுந்த பெரிய தொகை எங்கிருந்து வந்தது என்று கேட்பார். சீட்டுக்கு எழுத்து எங்கே? கொப்பியில் மாமி எழுதி வைத்த கணக்கை யார் ஏற்பார்கள்? அதைவிட, முன்னாலேயே எடுத்த சீட்டு என்றால் மிச்ச மாதங்களுக்கு நீங்கள் கட்ட வேண்டும், அப்படிப் பார்த்தால் அது கடன்தான். அப்பா தந்த அன்பளிப்பு, திருப்பித் தரத் தேவையில்லை என்று கடிதம் வாங்கிக் கொடுத்தால் அது பொய் அறிக்கை, கையெழுத்துப் போட்ட அப்பாவும் மாட்டுவார். சீட்டுக் கட்டும் அதே காசை மாதாமாதம் எஃப்எச்எஸ்ஏ என்ற முதல் வீட்டுச் சேமிப்புக் கணக்கில் போட்டால் வருடம் 8,000, மொத்தம் 40,000 வரை போடலாம், வரியும் குறையும். முன்பு வீடு இருந்து இழந்தவருக்கும் இது கிடைக்கலாம். தனக்கோ துணைக்கோ சொந்தமான வீட்டில் இந்த வருடமும் முந்தைய நான்கு வருடமும் குடியிருக்காதவர் திறக்க முடியும் என்பது பலருக்குத் தெரியாது.

மச்சான் பெயரில் வீட்டை எடுத்துவிட்டு நாங்கள் கட்டுவோம் என்ற ஏற்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வீடு மச்சானுடையது, கட்டும் பெயரும் மச்சானுக்கு, உங்கள் அறிக்கையில் ஒரு வரி ஏறாது, அவருக்கு நாளை விவாகரத்து வந்தால் வீடும் அதில் போகலாம். வேலைக் கடிதம் "செய்து" தருகிறேன் என்பவர்களிடமும் போகாதீர்கள்.

வங்குரோத்து அறிக்கையில் இருந்து போய்விட்டது, இனிச் சொல்லத் தேவையில்லை என்று நினைப்பதும் ஆபத்து. எப்போதாவது வங்குரோத்து ஆனதுண்டா என்று விண்ணப்பத்தில் கேட்டிருந்தால் உண்மையைத்தான் எழுத வேண்டும், அரசாங்கப் பதிவேட்டில் அது தேடக்கூடியதாகவே இருக்கும். வேலை போனது, நோய், குடும்பம் பிரிந்தது என்று காரணத்தைப் பாதிப் பக்கத்தில் நேராக எழுதிக் கொடுங்கள். உங்களால் நட்டப்பட்ட அதே வங்கிக்கு மட்டும் முதலில் போகாதீர்கள், அவர்களுடைய உள்கணக்கில் அது எத்தனை வருடமானாலும் கிடக்கும்.

இரண்டு வருடம் பொறுக்காமல் வங்கியல்லாத தனியாரிடம் பிரைவேட் மோட்கேஜ் எடுப்பவர்களும் உண்டு. வட்டி கூட, கொடுப்பவருக்கும் முகவருக்கும் தனித்தனிக் கட்டணம், பெரும்பாலும் ஒரு வருடத் தவணை, வட்டி மட்டும் கட்டுவதால் முதல் அப்படியே நிற்கும். வருடம் முடிய வங்கிக்கு மாறலாம் என்ற நம்பிக்கையில் எடுப்பார்கள், அதற்குள் ஸ்கோர் ஏறாவிட்டால் மறுபடியும் கட்டணம் கொடுத்துப் புதுப்பிக்க வேண்டும். எப்படி வெளியே வருவது என்று எழுத்தில் கணக்கு இல்லாமல் இதில் கால் வைக்காதீர்கள்.

வருமான வரிப் பாக்கியைச் சின்ன விஷயமாக எண்ண வேண்டாம், வரிக் கணக்கைப் பார்த்து அரசாங்கம் அனுப்பும் நோட்டீஸ் ஆஃப் அசெஸ்மென்ட் கட்டாயம் கேட்பார்கள். சொந்தத் தொழில் செய்பவர்கள் விற்பனை வரியான எச்எஸ்டியின் பாக்கியையும் பாருங்கள். சம்பளத்துக்கு முன் எடுக்கும் பேடே கடன் 100 டொலருக்கு 14 டொலர் வரை அறவிடும், ஸ்கோரில் தெரியாவிட்டாலும் அந்த 90 நாள் வங்கிக் கணக்கில் தெரியும்.

கடைசியாக, அனுமதி கிடைத்த பிறகு. வீடு கைமாறும் நாளுக்கு முன் அறிக்கையை மறுபடியும் இழுத்துப் பார்க்கவும், வேலையிடத்துக்குப் போன் எடுக்கவும் மோட்கேஜ் கொடுப்பவருக்கு உரிமை இருக்கிறது. சோபாவுக்கும் டிவிக்கும் "ஒரு வருடம் காசு கட்டத் தேவையில்லை" என்ற கடையில் கையெழுத்துப் போட்டால் அதுவும் கடன்தான், 44 சதவீதக் கணக்கு அங்கேயே உடையலாம். சாவி கைக்கு வரும்வரை வேலையும் மாறாதீர்கள், யாருடைய கடனுக்கும் கோசைன் (உத்தரவாத) கையெழுத்தும் போடாதீர்கள்.