வேலைக்குச் சேர்க்கும் முன் மெடிக்கல் செக்கப்: எங்கே தவறுகிறோம்

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டப்போகிறவருக்கும் கணக்குப் பிரிவில் உட்காரப்போகிறவருக்கும் ஒரே பேக்கேஜ்: ரத்தம், சிறுநீர், நெஞ்சு எக்ஸ்ரே, கடைசியில் 'ஃபிட்' என்று ஒரு முத்திரை. எந்த வேலைக்கு ஃபிட் என்று டாக்டருக்கே தெரியாது, ஏனென்றால் யாரும் அவரிடம் சொல்லவில்லை. எத்தனை கிலோ தூக்க வேண்டும், ஷிஃப்டுக்கு எத்தனை முறை, தரையிலிருந்தா இடுப்பு உயரத்திலிருந்தா, உயரத்தில் ஏற வேண்டுமா, இரைச்சல், வெப்பம், நைட் ஷிஃப்ட் உண்டா என்பதை ஒரே பக்கத்தில் எழுதி ஆளோடு அனுப்புங்கள். எடையை உத்தேசமாகப் போடாமல் தராசில் வைத்துப் பாருங்கள்.

சுமை தூக்குபவர்களுக்கு முதுகு எக்ஸ்ரே எடுப்பது வீண் செலவு. நாளை யாருக்கு முதுகு வலிக்கும் என்று அது சொல்லாது. தேய்மானம் தெரிகிற பலர் வலியே இல்லாமல் வேலை பார்க்கிறார்கள். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் சூத்திரப்படி, எல்லாம் சாதகமாக இருந்தாலே ஒருவர் தூக்க உகந்த உச்ச எடை 23 கிலோ. 50 கிலோ மூட்டையைத் தூக்கச் சொல்லிவிட்டு பலசாலியைத் தேடுவதைவிட ஒரு டிராலி வாங்கலாம்.

சோதனை நடக்கும் விதமும் முடிவைக் கெடுக்கும். நிறக்குருடுக்கான இஷிஹாரா தட்டுகளை (நிறப்புள்ளிகளுக்குள் எண் தெரியும் படங்களை) செல்போன் திரையில் காட்டக் கூடாது, நிறம் மாறிவிடும். அச்சுப் புத்தகம், பகல் வெளிச்சம், 75 செ.மீ. தூரம், தட்டுக்கு 3 விநாடி. மாடிப்படி ஏறி வந்தவுடன் ரத்த அழுத்தம் பார்த்தால் கூடுதலாகக் காட்டும். 5 நிமிடம் உட்காரவைத்து, பேச்சுக் கொடுக்காமல், இரண்டு முறை பாருங்கள். இரைச்சலான இடத்தில் வேலைக்கு எடுக்கப்படுபவரின் முதல் செவித்திறன் சோதனைக்கு முந்தைய 14 மணி நேரம் காது அமைதியில் இருக்க வேண்டும். பழைய கம்பெனியில் நைட் ஷிஃப்ட் முடித்து நேராக வந்தவருக்குத் தற்காலிக மந்தம் இருக்கும். அதுவே அவருடைய அடிப்படை அளவாகப் பதிவாகிவிட்டால், பின்னால் உங்கள் ஆலையில் வரும் பாதிப்பு மறைந்துபோகும்.

வேலை தருவதற்கு எச்.ஐ.வி. சோதனையை நிபந்தனையாக்குவதை இந்தியாவின் 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் தடை செய்கிறது. பேக்கேஜில் லேப் தானாகச் சேர்த்திருந்தால் நீக்கச் சொல்லுங்கள். ஹெச்.ஆருக்கு முழு ரிப்போர்ட்டும் தேவையில்லை. தகுதி, தகுதியில்லை, நிபந்தனையோடு தகுதி: இவற்றில் ஒன்று போதும். நிபந்தனை இருந்தால் அதை சூப்பர்வைசரிடம் சேர்ப்பது முக்கியம். 'உயரத்தில் ஏற்ற வேண்டாம்' என்ற குறிப்பு ஃபைலிலேயே கிடந்தால், ஆள் குறைந்த நாளில் அவரையே ஏற்றிவிடுவார்கள்.