டெல்டா பக்கம் பழைய கார் வாங்கறீங்களா, என்ஜினப் பாக்கறதுக்கு முன்னாடி வண்டியோட தரைய தட்டிப் பாருங்க

நம்ம பக்கம் இன்னும் நெறய வீட்ல பழைய கார் நிக்குது. மன்னார்குடி, வலங்கைமான், சீர்காழி பக்கம் பெரிய வீடுகளுக்கு போனா வைக்கப்போருக்கு பின்னாடியோ நெல் மூட்டை அடுக்கற கொட்டாய்லயோ ஒரு அம்பாசடரோ ஃபியட்டோ தூசி படிஞ்சு நிக்கும், தாத்தா போன அன்னிக்கு பூட்டுனது அப்படியே. வாங்க வர்றவங்க எல்லாரும் மொதல்ல கேக்கறது "என்ஜின் ஓடுதா?"ன்னுதான். அத கடைசியா கேளுங்க. என்ஜின் எவ்வளவு கெட்டிருந்தாலும் செஞ்சிரலாம், ஆயில் என்ஜினும் டிராக்டரும் பாத்து பழகுன மெக்கானிக்கும் லேத்தும் நம்ம ஊர்ல இருக்கு. பாடி துரு புடிச்சு போச்சுன்னா காசு எங்க போவுதுன்னே தெரியாது.

ஏன்னா அம்பாசடருக்கும் ஃபியட் 1100க்கும் தனியா சேசிஸ், அதாவது அடியில தாங்கற இரும்பு சட்டம், கெடையாது, தகடுதான் மொத்த எடையயும் தாங்குது. மெட்ராஸ்லயே செஞ்ச ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கும் ஜீப்புக்கும் தனி சேசிஸ் உண்டு, பாடிய கழட்டி வச்சு வேல பாக்கலாம். அம்பாசடர்ல அது முடியாது. நம்ம ஊரோ களிமண் பூமி, ஐப்பசி கார்த்திகை அடமழையில தரையே ஊறிக் கெடக்கும், நாகப்பட்டினம் வேதாரண்யம் பக்கம்னா உப்புக்காத்து வேற. 2018 கஜா புயல்ல கொட்டாய் மேல தென்னமரம் விழுந்து கூரை போயி, அப்பறம் வருஷக்கணக்கா மழையில நின்ன வண்டியும் விலைக்கு வருது, அத நல்லா விசாரிச்சுக்குங்க. தார்ப்பாய் போட்டு இறுக்கி கட்டி வச்ச வண்டியப் பாத்து பத்திரமா வச்சிருக்காங்கன்னு நெனைக்காதீங்க, உள்ள ஈரம் வெளிய போவ வழியில்லாம அதுதான் மோசமா அரிச்சிருக்கும்.

பாக்கப் போறப்ப ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தம், ஒரு ஸ்க்ரூ டிரைவர், டார்ச், கோணிச்சாக்கு எடுத்துட்டு போங்க. காந்தத்த துணியில சுத்தி டோருக்கு கீழ நீளமா ஓடுற பெட்டி, வீல் ஆர்ச், டிக்கி ஓரம் எல்லாம் வச்சுப் பாருங்க, ஒட்டலன்னா உள்ள தகடு இல்ல, ஓட்டைய அடைச்ச வெறும் பட்டி. அப்பறம் சாக்க விரிச்சு கீழ படுத்துருங்க. பின்பக்க பட்டை ஸ்பிரிங் மாட்டுற எடம், முன்னாடி டார்ஷன் பார் (ஸ்பிரிங்குக்கு பதிலா இருக்கற முறுக்கு கம்பி) போய் புடிக்கற எடம், மிதியடிக்கு கீழ தரை, இங்கல்லாம் ஸ்க்ரூ டிரைவரால தட்டுங்க. டங்குன்னு கேட்டா நல்லது, பொதக்குன்னு உள்ள போனா விலைய அப்பவே பாதியாக்கி பேசுங்க, ரெண்டு ஸ்பிரிங் எடமும் போயிருந்தா வேணாம்னு கும்புட்டுட்டு வந்துருங்க. நான் வாங்குன 65 மாடல் அம்பாசடர் மார்க் 2 வெளிய பளபளன்னு இருந்துச்சு, "அப்பா ஆசயா ஓட்டுன வண்டி தம்பி, ஒரு கீறல் கெடயாது"ன்னாங்க, அது உண்மைதான், நான்தான் கீழ பாக்கல. தரை மாத்த மட்டும் ரெண்டு மாசம் ஆச்சு.

பேப்பர். ஆர்.சி. பெரும்பாலும் தாத்தா பேர்லதான் இருக்கும். அவர் இல்லன்னா மொதல்ல வாரிசு சான்றிதழ் வச்சு படிவம் 31ல அவங்க வீட்ல ஒருத்தர் பேருக்கு மாத்தணும், அதுக்கப்பறம்தான் 29, 30 போட்டு உங்க பேருக்கு. அண்ணன் தம்பி நாலு பேர் இருந்தா நாலு பேரும் சம்மதிச்சு கையெழுத்து போட்டப்பறம் அட்வான்ஸ் குடுங்க. தனி சேசிஸ் இல்லாத வண்டிக்கும் சேசிஸ் நம்பர் உண்டு, அது மேல பேப்பர் வச்சு பென்சிலால தேச்சு எடுத்து ஆர்.சி.யோட ஒப்பிட்டு பாருங்க, என்ஜின் நம்பரயும் பாருங்க. டீசல் என்ஜின மாத்தி வச்சு புக்குல ஏத்தாம விட்ட வண்டி நெறய உண்டு. வண்டி பதிவாகி 50 வருஷம் தாண்டியிருந்தா 2021ல வந்த மத்திய விதிப்படி விண்டேஜா பதியலாம், புதுசா பதிய 20,000 ரூபா, 10 வருஷம் செல்லும், மறுபடி பதிய 5,000. பழைய நம்பரயே வச்சுக்கலாம். ஆனா பாடி, சேசிஸ், என்ஜின் மாத்தாம அசல் ரூபத்துல இருக்கணும், அன்னாடம் ஓட்டவும் கூடாது, கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போட, வேல பாக்க இப்படித்தான். கும்பகோணம் தஞ்சாவூர்னு குடும்பத்தோட போய் வரணும்னா சாதாரண ஆர்.சி.யயே புதுப்பிச்சுக்குங்க.

இப்ப என்ஜின். வீட்டுக்கு வந்த அன்னிக்கே பேட்டரி வச்சு ஸ்டார்ட் பண்ணாதீங்க, கயிறு கட்டி இழுக்கவே இழுக்காதீங்க. பிஸ்டன் ரிங் துருவுல ஒட்டியிருக்கும், ஒடைஞ்சுரும். நாலு பிளக்கயும் கழட்டி ஒவ்வொரு ஓட்டைலயும் டீசலும் கியர் ஆயிலும் சமமா கலந்து ஒரு அம்பது மில்லி ஊத்துங்க, ஒரு வாரம் விடுங்க, நடுவுல கொறஞ்சா மறுபடி ஊத்துங்க. அப்பறம் டாப் கியர்ல போட்டு ரெண்டு ஆளு வண்டிய முன்னும் பின்னுமா மெதுவா ஆட்டுனா கொஞ்சம் கொஞ்சமா விடும். எனக்கு பதினோராம் நாள்தான் அசைஞ்சுச்சு, அந்த சத்தத்துக்கு வீட்ல எல்லாரும் ஓடியாந்துட்டாங்க.

என்ஜின் சுத்த ஆரம்பிச்சதும் சம்ப்ப (அடியில ஆயில் நிக்கற தொட்டி) கழட்டி சகதிய வழிச்சு எடுத்துட்டு 20டபிள்யூ50 ஆயில் ஊத்துங்க. பிளக் இல்லாமயே ஸ்டார்ட்டர்ல சுத்தி ஆயில் பிரஷர் ஏறுதான்னு பாத்துட்டுதான் பிளக் மாட்டணும். ராக்கர் கவர (என்ஜின் மேல் மூடி) கழட்டி வால்வு எதுவும் ஒட்டி நிக்குதா, புஷ் ராடு வளைஞ்சிருக்கான்னு பாருங்க, வால்வு கேப் 15 தவ் (ஒரு தவ்னா இஞ்சுல ஆயிரத்துல ஒரு பங்கு). பேட்டரி மாட்டறப்ப ஒரு முக்கியமான விஷயம், அறுபதுகள்ல வந்த லூகாஸ் வயரிங்ல பாசிட்டிவ் எர்த் இருக்கும், அதாவது பேட்டரியோட பிளஸ்தான் பாடியில சேரும், இப்ப உள்ள பழக்கத்துல மாத்தி குடுத்துராதீங்க. வயரிங்கயே எலி எவ்வளவு விட்டு வச்சிருக்குன்னு பாருங்க, நெல்லு இருந்த எடத்துல நின்ன வண்டின்னா முழுசா புதுசு போடறதுதான் நல்லது, ஒட்டுப் போட்ட வயர்லதான் தீப்புடிக்குது.

கம்ப்ரஷன், அதாவது உள்ள காத்து அழுந்தற அளவு, நாலு சிலிண்டர்லயும் ஏறக்கொறய ஒண்ணா இருந்தா போர்ல, அதான் பிஸ்டன் ஓடுற துளையில, கை வைக்காதீங்க. இல்லன்னாதான் லேத்து. 1489 சிசி என்ஜினுக்கு அசல் போர் 73.025 மிமீ, ஏற்கனவே எத்தன தவ் பெருசாக்கியிருக்காங்கன்னு அளந்துட்டு அப்பறம் பிஸ்டன் வாங்குங்க. தை மாசி சம்பா அறுப்புல லேத்துக்கு பிளாக்க குடுக்காதீங்க, அறுப்பு மெஷினும் டிராக்டரும்தான் அவங்களுக்கு மொதல், நம்ம பிளாக் மூலைல கெடந்து துரு ஏறும். சித்திரை வைகாசி நல்ல நேரம்.

ரேடியேட்டர்ல போர்வெல் தண்ணி ஊத்தாதீங்க, நம்ம கடற்கரை பக்கம் எல்லாமே உப்பு. டிஸ்டில்டு தண்ணியும் கூலன்ட்டும்தான். பெட்ரோல் இப்ப 20 சதவீதம் எத்தனால் கலந்தது, பழைய ரப்பர் பைப்பும் பம்ப் டயாபிரமும் ஊறிப் போவும், எத்தனால் தாங்கற பைப்பா மாத்திருங்க, வண்டி மாசக்கணக்குல நிக்கறதா இருந்தா டேங்க்ல பெட்ரோல விட்டு வைக்காதீங்க.

ஸ்பேர்ஸ் கவலப்பட வேணாம், அம்பாசடர் 2014 வரைக்கும் ஓடுன உற்பத்தி, சென்னை புதுப்பேட்டைல தேடுனா கெடைக்கும். கஷ்டம் சின்ன சாமான்லதான். மார்க் 2 கைப்பிடி, கொக்கி எல்லாம் மட்ட உலோக வார்ப்பு, பொரி பொரியா வெடிச்சிருக்கும், அதுக்கு மேல குரோம் நிக்காது. நாச்சியார்கோயில்ல குத்துவிளக்கு வாக்கற ஒரு பெரியவர்கிட்ட கொண்டு போனேன், கையில வாங்கி திருப்பி திருப்பி பாத்தார், பித்தளயிலயே வாத்து குடுத்தார், அரம் போட்டு குரோம் ஏத்துனேன். அசல விட கனமா, கையில புடிக்கவே அவ்வளவு நல்லாருக்கு. இந்த கை நம்ம ஊர்ல இருக்கறப்ப வெளியூர்ல போய் டூப்ளிகேட் தேடுறது எனக்கு மனசு வராது.

விக்கறதா இருந்தா பெயின்ட் அடிச்சு மூடாதீங்க. துருவ வெட்டுனது, தகடு வச்சது, பிரைமர் அடிச்சது எல்லாத்தயும் போட்டோ எடுத்து லேத்து பில்லோட வச்சிருங்க, வெவரம் தெரிஞ்சவங்க அதுக்குத்தான் காசு குடுப்பாங்க. படிவம் 29, 30ல கையெழுத்து மட்டும் போட்டு தேதி போடாம புரோக்கர்கிட்ட குடுத்து விடாதீங்க. ஆர்.சி.ல யார் பேர் இருக்கோ அவங்கதான் ஓனர்னு 2018லயே உச்ச நீதிமன்றம் சொல்லிருச்சு, நாளைக்கு வண்டி எங்கயாவது மோதுனா நஷ்டஈடு உங்க தலையில வரும். வாங்கறவர கூட கூட்டிட்டு ஆர்.டி.ஓ. ஆபீஸ் போங்க, பேர் மாறுனத பாத்துட்டு அப்பறமா சாவிய குடுங்க.