உப்புக்காற்றுக்குத் தாங்கும் லேப்டாப் பையைப் பார்த்து வாங்குவது எப்படி?

தங்கச்சிமடத்திலிருந்து ராமநாதபுரத்துக்குத் தினமும் வேலைக்குப் போய்வரத் தொடங்கியபோது நான் வாங்கிய முதல் முதுகுப்பை பார்க்க மிக அழகாக இருந்தது. துணி கிழியவில்லை, தையலும் பிரியவில்லை. ஆனால் ஒரு மழைக்காலம் முடிவதற்குள் ஜிப்பின் ரன்னர் வெள்ளைப்பொடியாகப் பூத்து, இழுத்தால் பாதி வழியில் நின்றுவிடும் நிலைக்கு வந்துவிட்டது. ஒரு பக்கம் பாக் நீரிணையும் மறுபக்கம் மன்னார் வளைகுடாவும் இருக்கும் நம் கரையில், வாடை வீசினாலும் கச்சான் வீசினாலும் காற்றோடு உப்பும் மணலும் சேர்ந்தே வருகின்றன. ஆகவே முதன்முறையாகப் பை வாங்குபவர்கள் அழகைப் பார்ப்பதற்கு முன் கீழ்க்கண்ட வரிசையில் சோதித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

முதல் படி: அளவு

லேப்டாப்பின் அளவாகச் சொல்லப்படும் 14 அங்குலம், 15.6 அங்குலம் என்பவை திரையின் மூலைக்கு மூலை அளவு மட்டுமே. உடலின் நீள அகலம் அல்ல. ஒரே 15.6 அங்குலத் திரை கொண்ட இரண்டு லேப்டாப்புகளில் ஒன்று மெலிதாகவும் மற்றொன்று பருமனாகவும் இருக்கக்கூடும் என்பதால், வீட்டிலேயே நீளம், அகலம், தடிமன் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் லேப்டாப்பையே கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். கொள்ளளவைப் பொறுத்தவரை, சாப்பாட்டு டப்பாவும் தண்ணீர் பாட்டிலும் சார்ஜரும் வைத்துக்கொண்டு அன்றாடம் போய்வர 20 முதல் 25 லிட்டர் போதும்.

இரண்டாம் படி: ஜிப்

இதற்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். ஜிப்பின் பற்கள் நைலான் சுருளாக இருந்தால் அவை துருப்பிடிக்க மாட்டா. ஆனால் ரன்னர் பெரும்பாலும் உலோகம்தான். சிறிய காந்தம் ஒன்றைக் கையோடு கொண்டுபோய் ரன்னரிலும் வார் கோர்க்கும் வளையங்களிலும் வைத்துப் பாருங்கள். ஒட்டிக்கொண்டால் அது இரும்பு கலந்தது என்று பொருள். மேற்பூச்சு உரிந்ததும் துரு ஏறிவிடும். ஒட்டாத துத்தநாகக் கலவையும் உப்பில் வெள்ளையாகப் பூக்கும், ஆனால் துணியில் துருக்கறை படியாது. வளையங்களும் பக்கிளும் பிளாஸ்டிக்காக இருப்பது நமக்கு இன்னும் நல்லது.

பையில் பொருள்களைத் திணித்துவிட்டு, ஜிப்பை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பத்து முறையாவது ஓட்டிப் பாருங்கள். காலிப் பையில் எந்த ஜிப்பும் வழுக்கிக்கொண்டு ஓடும். நிரம்பிய பையின் வளைவில் திரும்பும்போதுதான் அதன் தரம் தெரியும். ரன்னர் கடந்து வந்த இடத்தில் பற்களுக்கிடையே சிறு வாய் திறந்து தெரிந்தால், அந்தப் பையை அங்கேயே வைத்துவிடுங்கள்.

மூன்றாம் படி: துணியும் தையலும்

அட்டையில் 600 டெனியர் என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 9000 மீட்டர் நீளமுள்ள நூல் எத்தனை கிராம் எடை இருக்கிறதோ அதுவே டெனியர். எண் கூடக்கூட நூல் தடிக்கும். 600 டெனியர் பாலியஸ்டர் அன்றாட வேலைக்குத் தாராளமாகப் போதும். ரெக்சின் பைகள் கடையில் மிடுக்காகத் தெரிந்தாலும், இந்த வெக்கையிலும் ஈரப்பதத்திலும் நாளடைவில் பிசுபிசுத்து உரிந்துவிடுவதால் நான் அவற்றைப் பரிந்துரைப்பதில்லை.

மழை நீர் துணி வழியாக வருவதைவிடத் தையல் துளைகள் வழியாகவும் ஜிப் வழியாகவுமே அதிகம் உள்ளே இறங்கும். எனவே ‘வாட்டர்புரூப்’ என்ற சொல்லை மட்டும் நம்பாமல், ஐப்பசி, கார்த்திகை மழைக்காக ரெயின் கவர் ஒன்றைச் சேர்த்தே வாங்குங்கள். பாம்பன் சாலைப் பாலத்தில் இருசக்கர வாகனத்தில் போகிறவர்களுக்கு, கவரைப் பையோடு இறுக்கிக் கட்டும் நாடா கட்டாயம் வேண்டும். இல்லையென்றால் காற்று அதை உருவிக்கொண்டு போய்விடும்.

நான்காம் படி: லேப்டாப் அறையும் வாரும்

லேப்டாப்பை அதன் அறையில் இறக்கி, பையைத் தூக்கிப் பிடித்து, அடிப்பகுதியை வெளியிலிருந்து விரலால் அழுத்திப் பாருங்கள். லேப்டாப்பின் விளிம்பு உடனே விரலில் தட்டுப்பட்டால், பையைத் தரையில் வைக்கும் ஒவ்வொரு முறையும் அடி நேராக லேப்டாப்பின் மேல்தான் விழும். அறையின் அடி, பையின் அடியிலிருந்து இரண்டு விரற்கடையாவது உயர்ந்திருக்க வேண்டும். அந்த அறை முதுகை ஒட்டி இருப்பதும் அவசியம். பாரம் முதுகிலிருந்து விலக விலகத் தோள் பின்னோக்கி இழுபடும்.

தோள்வார் ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாத அகலமும் கெட்டியான ஸ்பாஞ்சும் கொண்டிருக்கட்டும். வார் பையோடு சேரும் இடத்தில் நெருக்கமான குறுக்குத்தையல் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பாரம் முழுவதும் தொங்குவது அந்த இடத்தில்தான்.

ஐந்தாம் படி: தோற்றம்

மேலே சொன்னவற்றில் தேறிய பைகளுக்குள் உங்கள் மனத்துக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுங்கள். கறுப்பில் வியர்வை காய்ந்த உப்புக்கோடு பளிச்சென்று தெரியும், வெயிலில் சூடும் அதிகம் ஏறும். சாம்பல், மங்கிய நீலம், காக்கி ஆகியவை அலுவலகத்துக்கும் ஊர்ப் பயணத்துக்கும் ஒருசேரப் பொருந்தும். வெளியே தொங்கும் நாடாக்கள் குறைவாக இருந்தால் நெரிசலான பேருந்தில் எதிலும் மாட்டாது.

வாங்கிய பிறகு, வாரம் ஒருமுறை பையைக் கவிழ்த்து மணலைத் தட்டிவிட்டு, ரன்னரையும் பற்களையும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, நிழலில் உலர்த்துங்கள். நன்கு காய்ந்ததும் மெழுகுவத்தியைப் பற்களின் மேல் லேசாகத் தேய்த்து, ரன்னரை இரண்டு முறை ஓட்டிவிடுங்கள்.