12 வோல்ட் பேட்டரி அடிக்கடி இறங்கினால் கன்வெர்ட்டரைச் சோதியுங்கள்

மின்சாரக் காரின் 12 வோல்ட் பேட்டரி அடிக்கடி இறங்கிப்போனால், புதிய பேட்டரி வாங்குவதற்கு முன், காரை ஓட்டும் பெரிய பேட்டரியின் உயர் மின்னழுத்தத்தைச் சுமார் 14 வோல்ட்டாகக் குறைத்து 12 வோல்ட் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டிசி-டிசி கன்வெர்ட்டரைச் சோதித்துவிடுங்கள். வண்டி அணைந்து ஓய்ந்திருக்கும்போது, நல்ல ஈய-அமில 12 வோல்ட் பேட்டரியின் முனைகளில், மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டர் 12.6 வோல்ட் அளவில் காட்டும். வண்டியை ஓட்டத் தயாரான நிலைக்குக் கொண்டுவந்து, முகப்பு விளக்கையும் போட்டால், அது பெரும்பாலான கார்களில் 13.5 வோல்ட்டுக்கு மேல் ஏறி நிற்க வேண்டும். ஏறாமல் மெல்ல இறங்கிக்கொண்டே போனால், கன்வெர்ட்டரின் மின்சாரம் பேட்டரிக்கு வந்து சேரவில்லை என்று பொருள்.

அதற்காக உடனே கன்வெர்ட்டரைக் கழற்றிவிட வேண்டாம். விலை உயர்ந்த அந்தப் பாகத்தை மாற்றிய பிறகு, குற்றவாளி ஒரு தளர்ந்த போல்ட்தான் என்று தெரியவருவது மிகவும் வேதனையானது. வெளியீட்டுப் பக்கத்து பியூஸை முதலில் பாருங்கள். பிறகு, விளக்குகள் எரியும்போதே பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் கன்வெர்ட்டரின் உலோக உடலுக்கும் இடையே அளந்து பாருங்கள். அரை வோல்ட் காட்டினால்கூட எர்த் இணைப்பில் துருவோ தளர்வோ இருக்கிறது.

உயர் மின்னழுத்தம் செல்லும் ஆரஞ்சு நிறக் கேபிள்கள் உள்ள பக்கத்தைப் பயிற்சி பெற்றவர் மட்டுமே தொட வேண்டும். இணைப்பைத் துண்டித்த பிறகும் உள்ளிருக்கும், மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் கெப்பாசிட்டர்களில் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் சில நிமிடங்கள் தங்கியிருக்கக்கூடும்.